சர்மிளா கழுவாத சக்கரம்

சைக்கிள் செயினுக்கு எந்த எண்ணெய் நல்லது என்று கடைக்கு வந்து கேட்கிறவர்களுக்கு நான் இன்று வாய் ஓயாமல் பதில் சொல்கிறேன். அவர்களும் தலையை ஆட்டிக்கொண்டு போகிறார்கள். நுஸ்ஹா மிஸ்ஸுக்குத் தெரியாதது இல்லை என்று திகனையில் எனக்கு ஒரு பெயர்கூடக் கிடைத்திருக்கிறது. அந்தப் பெயரில் ஓர் எழுத்தும் என்னுடையதில்லை. எல்லாம் சர்மிளாவிடமிருந்து எடுத்தது. எடுத்தது என்று நாகரிகமாகச் சொல்கிறேன்.

சர்மிளா புசல்லாவைக்காரி. பஸ் போகிற வீதியிலிருந்து அரை மணி நேரம் ஏறி நடந்தால் அவளுடைய தோட்டம் வரும். ‘உங்கட தோட்டம்’ என்று நான் சொன்னால் அவள் சிரிப்பாள். தோட்டம் கம்பனிக்காரருடையது, லயத்து வரிசை வீட்டில் ஒரு காம்பரா மட்டும் தன்னுடையது, அதற்கும் உறுதிப் பத்திரம் இல்லை என்பாள். வயது நாற்பத்தொன்று. புருஷன் கணபதி கொழும்புக்குச் சமையல் வேலைக்குப் போனவர். முதலில் மாதத்துக்கு ஒரு முறை வந்தார், பிறகு தீபாவளிக்கு ஒரு முறை வந்தார், பிறகு வராமலே இருந்துவிட்டார். சாதாரண தரப் பரீட்சையில் கணக்குப் பாடத்தில் மட்டும் கோட்டை விட்டவள் சர்மிளா. ஆனாலும் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகமாட்டேன் என்பதில் மட்டும் பிடிவாதமாக இருந்தாள். அம்மாவின் முதுகை வாழ்நாள் முழுக்கப் பார்த்தது போதும் என்று ஒருநாள் என்னிடம் சொன்னாள்.

கடை நானாவுடையது. மஹ்ரூப் எனக்கு மூத்தவர், உடன்பிறந்த அண்ணன். நாங்கள் நானா என்போம். கம்பளையில் வாளி, கோப்பை, கதிரை என்று பிளாஸ்டிக் சாமான் விற்றுக்கொண்டிருந்தவர், பெட்ரோலுக்கு ஊரே வரிசையில் நின்ற வருடத்தில் ஜப்பானிலிருந்து பழைய சைக்கிள்களைக் கொன்டெய்னரில் இறக்கத் தொடங்கினார். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று அவருக்கு எல்லாருக்கும் முன்னால் தெரிந்துவிடும். என்னைக் கல்லாவில் உட்காரவைத்தார். என் புருஷன் மௌத்தாகி ஆறு வருடம் ஆகிறது. நானும் மகள் நப்லாவும் நானா வீட்டு மாடி அறையில்தான் இருக்கிறோம். நப்லாவுக்கு மாப்பிள்ளை பேசுவதும் அவர்தான். இதை ஒரு சாக்காகத்தான் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். பின்னால் எனக்குத் தேவைப்படும்.

சர்மிளா கடை கூட்ட வந்தவள். முதல் கொன்டெய்னர் வந்தபோது அதில் இருந்தவற்றைச் சைக்கிள் என்று சொல்வதற்கே கூச்சமாக இருந்தது. செயினெல்லாம் கறுத்து, தார் பூசியதுபோல் ஒட்டிக்கொண்டிருந்தது. கூடைகளுக்குள் சிலந்தி கூடு கட்டியிருந்தது. திருத்த வந்த ஆள் லொறியிலிருந்து வடித்த கழிவு ஒயிலைப் பழைய தூரிகையால் எல்லாவற்றுக்கும் தாராளமாகப் பூசினார். சைக்கிள்கள் ஓடத்தான் செய்தன. வாங்கிப் போனவர்களின் கால்சட்டையெல்லாம் கறுப்பானது; ஒரு வாரத்தில் அந்த ஒயிலில் வீதித் தூசி முழுதும் ஒட்டி, செயின் அரைபட்டுக் கரகரவென்று கத்தியது. திருப்பிக் கொண்டுவந்தவர்கள் கல்லாவில் இருந்த என்னைத்தான் ஏசினார்கள்.

ஒரு மத்தியானம் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். சர்மிளா விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு, ஒரு சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, தேய்ந்த பல் தூரிகையை மண்ணெண்ணெயில் தோய்த்துச் செயினின் ஒவ்வொரு கண்ணாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள். யாரும் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, சத்தம் காதுக்குள் நுழைந்து வேலை செய்ய விடவில்லை என்றாள்.

அவள் யாரிடமும் படிக்கவில்லை. எல்லாவற்றையும் கெடுத்துத்தான் கற்றாள். முதல் வாரம் சோப்புத் தூளில் கழுவி நிழலில் வைத்தாள், மறுநாள் காலையில் செயின் செம்பருத்திப் பூ நிறத்தில் துருப்பிடித்துக் கிடந்தது. பிறகு கழுவியதும் வெயிலில் காயவைத்து, கையோடு எண்ணெய் விடப் பழகினாள். ஒருமுறை சக்கரத்தின் நடுக்குண்டுகள் இருக்கிற இடத்தில் மண்ணெண்ணெயை ஊற்றி உள்ளே இருந்த கிரீஸையும் சேர்த்துக் கழுவிவிட்டாள். அன்று நானா போட்ட சத்தம் பக்கத்துச் சாப்பாட்டுக் கடை வரைக்கும் கேட்டது. தேங்காய் எண்ணெயும் போட்டுப் பார்த்தாள். கம்பளையில் நன்றாகத்தான் சுற்றியது. ஆனால் புசல்லாவைக்கு அதைக் கொண்டுபோனவர் இரண்டாம் நாள் வந்து நின்றார், காலைக் குளிருக்கு எண்ணெய் நெய்யாக உறைந்து செயினே விறைத்துப்போனதாம். சர்மிளா தலையில் அடித்துக்கொண்டாள். வீட்டில் போத்தலைச் சூடுகாட்டித்தானே தலைக்கு வைக்கிறேன், இது தெரியாமல் போனதே என்று அவளே அவளைத் திட்டிக்கொண்டாள். தையல் மெஷின் எண்ணெய் வாசமும் நல்லது, வழுக்கலும் நல்லது, ஆனால் ஒரு மழையோடு போய்விடும் என்று கண்டுபிடித்தாள்.

ஒரு வருடத்தில் அவள் விளக்குமாற்றைத் தொடுவதில்லை என்று ஆனது. எண்ணெய் வாங்க வருகிறவரை முதலில் உட்காரவைத்து விசாரிப்பாள். எந்த ஊர், எந்த ரோட்டு, மழையில் நனையவிடுவீர்களா, வீட்டுக்குள் வைப்பீர்களா. பெண் பார்க்க வருகிறவர்கள்கூட இத்தனை கேள்வி கேட்கமாட்டார்கள் என்று நான் சீண்டுவேன். புசல்லாவைப் பக்கத்து ஈரத்துக்குக் கெட்டியான எண்ணெய், திகனைப் பக்கத்துக் கல்லுடைக்கிற தூசிக்கு மெல்லிய எண்ணெய். எந்த எண்ணெயென்றாலும் ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு சொட்டு, பத்து நிமிடம் ஊறவிட்டு, வெளியே இருப்பதைத் துடைத்தெடுத்துவிட வேண்டும். இந்தத் துடைப்பில்தான் சண்டை வரும். பேராதனைக் கெம்பஸிலிருந்து ஒரு தம்பி வெளிநாட்டு டின் ஒன்றோடு வந்தார். அவர் பூசிய எண்ணெயை அவள் துணியால் வழித்தெடுக்க, அவர் பதறிப்போய்த் தடுத்தார். எண்ணெய் உள்ளே இருந்தால் செயினுக்கு, வெளியே இருந்தால் தூசிக்கு என்று சர்மிளா சொன்னாள். அவர் அதைக் கைத்தொலைபேசியில் எழுதிக்கொண்டு போனார்.

துணியில் அவளுக்கு ஒரு பைத்தியம் இருந்தது. செயினுக்குச் சிவப்புத் துணி, ரிம்முக்கு வெள்ளைத் துணி. பிரேக் கட்டைகள் கவ்விப் பிடிக்கிற இடம் அந்த ரிம்தான். அதில் எண்ணெய் பட்டால் பிரேக் வழுக்கும், கண்டி இறக்கத்தில் பிரேக் வழுக்கினால் மனிதர் மிஞ்சமாட்டார் என்பாள். நான் ஒருமுறை அவசரத்துக்கு வெள்ளைத் துணியை எடுத்துக் கல்லாவைத் துடைத்துவிட்டேன். முதலாளியின் தங்கை என்றும் பார்க்காமல், அந்தத் துணியைப் பிடுங்கிக் குப்பையில் போட்டாள். எனக்குக் கோபம் வந்தது. அன்று முழுக்க அவளோடு பேசவில்லை. கோபத்துக்குக் காரணம் துணியில்லை என்று எனக்கே தெரியும். என் கையை நம்பாத ஒருத்தியை நான் கூலி கொடுத்து வைத்திருக்கிறேன் என்ற நினைப்புத்தான்.

திகனையில் இரண்டாவது கடை திறப்பதென்று நானா முடிவு செய்தபோது, கழுவுவதற்கும் எண்ணெய் போடுவதற்கும் தனியாக ஒரு பிரிவு வைத்து, அதைச் சர்மிளாவின் பொறுப்பில் விடலாம் என்றார். யோசனை என்னுடையது. இந்தக் கதையில் நான் செய்த ஒரே நல்ல காரியம் அது, அதனால் சொல்லிக்கொள்கிறேன். ‘பராமரிப்புப் பிரிவு, பொறுப்பு: திருமதி க. சர்மிளா’ என்று தாளில் அடித்து, லெமினேட் செய்து, புதுக்கடைச் சுவரில் ஒட்டினேன். அவள் அதைப் பார்த்துவிட்டு, தன் பெயருக்கு முன்னால் இனிஷியல் போட்டு யாரும் எழுதியதில்லை, அம்மாவுக்குத் தோட்டத்தில் கொடுக்கிற சம்பளத் துண்டில்கூட வெறும் இலக்கம்தான் என்றாள். அன்று இரண்டு முறை ஏதோ எடுக்கப் போவதுபோல் போய் அதைப் பார்த்துவிட்டு வந்தாள். திகனையில் வாடகைக்கு ஓர் அறை பார்த்துவிட்டாள். லயத்தைவிட்டு இறங்க அவளுக்கு இருந்த ஒரே வழி அந்தச் சுவரில் ஒட்டியிருந்தது.

அப்போதுதான் அந்த ஸ்ப்ரே வந்தது. கொழும்பிலிருந்து வந்த ஏஜன்ட் ஒருவர், டயருக்கும் இதுதான், செயினுக்கும் இதுதான், இரும்புக்கும் இதுதான், அடித்தால் பழையது புதியதாகும் என்று நானாவின் தலையில் ஒரு பெட்டி நிறையக் கட்டிவிட்டுப் போனார். சர்மிளா ஒரு டின்னை எடுத்து இரண்டு விரலுக்கிடையில் அடித்து உரசிப் பார்த்தாள். பிறகு ஒரு சைக்கிளின் முன் ரிம்மில் அடித்து, கடைக்குப் பக்கத்துச் சரிவில் உருட்டி, பிரேக்கைப் பிடித்துக் காட்டினாள். பிரேக் கட்டை ரிம்மைக் கவ்வவே இல்லை, சக்கரம் வெண்ணெயில் போவதுபோல் போனது. நானாவும் பார்த்தார், நானும் பார்த்தேன். இதை டயருக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம், ரிம் பக்கமே கொண்டுபோகக் கூடாது என்று அவள் சொல்ல, நானா சரி என்றார்.

திறப்பு விழா ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை பின்னேரம் சர்மிளா கம்பளைக் கடையில் மிச்ச வேலையை முடித்துவிட்டுப் பஸ் பிடிக்கப் போய்விட்டாள். திகனைக் கடையில் நாற்பது சைக்கிள்கள் வரிசையாக நின்றன. நானா அவற்றை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்து பார்த்தார். படம் எடுக்க ஆள் வருகிறார், ரிம்மெல்லாம் மங்கலாகக் கிடக்கிறது என்றார். ஸ்ப்ரே பெட்டியை என் காலடியில் கொண்டுவந்து வைத்தார். காட்சிக்கு மட்டும்தான், விற்கும்போது கழுவிக் கொடுத்துவிடலாம் என்றார்.

நான் அடித்தேன். யாரும் என் கையைப் பிடித்து அடிக்கவைக்கவில்லை. நாற்பது சைக்கிள், எண்பது சக்கரம். அடித்து முடித்துவிட்டுப் பார்த்தபோது எனக்கே அழகாகத்தான் இருந்தது, அதையும் மறைக்கவில்லை.

மறுநாள் சர்மிளா இரண்டு பஸ் மாறி எல்லாருக்கும் முன்னால் வந்து நின்றாள். புதுப் புடவை கட்டியிருந்தாள். உள்ளே வந்ததும் முதல் சைக்கிளின் ரிம்மில் விரலை வைத்தாள். விரலை முகர்ந்தாள். யார் செய்தது என்று கேட்டாள். நானா அடிக்கச் சொன்னார், நான்தான் அடித்தேன் என்றேன். அவள் புடவை முந்தானையை இடுப்பில் செருகி, ஒரு வாளி சோப்புத் தண்ணீரும் ஒரு போத்தல் ஸ்பிரிட்டும் எடுத்துக்கொண்டு வரிசையின் ஒரு முனையில் குந்தினாள். கழுவி, ஸ்பிரிட்டால் துடைத்து, பிரேக் கட்டைகளை அரத்தாளால் உரசி, ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டு வந்தாள். பதினோராவது சைக்கிளுக்கு வந்தபோது திறப்புக்கு அழைத்திருந்த மௌலவி துஆ ஓதி முடித்தார்.

எங்களில் ஒரு வழக்கம் இருக்கிறது. கடை திறந்து துஆ முடிந்ததும் வருகிற முதல் வாடிக்கையாளரைக் காக்கவைக்கக் கூடாது, வெறும் கையோடு அனுப்பவும் கூடாது. கேட்ட சாமானைக் கேட்ட நிமிடத்தில் கொடுக்க வேண்டும். ‘பொறுங்க’ என்ற சொல்லே முதல் வியாபாரத்தில் வரக் கூடாது, வந்தால் பரக்கத் என்கிற இறையருள் கடையைவிட்டுப் போய்விடும் என்பார் எங்களைப் பெற்ற வாப்பா. நானா வாப்பாவிடமிருந்து எடுத்துக்கொண்டது கடையை மட்டுமில்லை, இதையும்தான்.

முதல் வாடிக்கையாளராக வந்தவர் ஸாகி சேர். திகனையில் உயர்தர வகுப்புக்குக் கணிதம் படிப்பிக்கிறவர், ஐம்பத்தைந்து வயது, டொக்டர் நடக்கச் சொன்னதற்கு நான் சைக்கிள் ஓடுகிறேன் என்று பேரம் பேசிவிட்டு வந்தவர். நேரே வரிசையின் மறுமுனைக்குப் போய், ஒரு சிவப்புச் சைக்கிளில் கை வைத்தார். இதுதான் வேண்டும் என்றார்.

சர்மிளா ஈரக் கையோடு எழுந்து என்னிடம் வந்தாள். பத்து நிமிடம் தந்தால் அதை மட்டும் கழுவிவிடுவேன், முதலாளியிடம் சொல்லுங்கள் என்றாள். நான் நானாவின் காதில் சொன்னேன். படம் எடுக்கிறவர் கெமராவைத் தூக்கி வைத்திருந்தார். நானா சிரித்த முகம் மாறாமல் பல்லுக்கிடையில் சொன்னார்:

“முதல் யாவாரத்த நிப்பாட்டி வெச்சா இந்தக் கடைல பரக்கத் ஈக்குமா?”

நான் திரும்பி வந்து முடியாதாம் என்றேன். சர்மிளா ஸாகி சேரை நோக்கி இரண்டடி வைத்தாள். நானா அதைக் கண்டு, மௌலவிக்குத் தேநீர் கொண்டுவரும்படி அவளை அனுப்பினார். போகிற வழியில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை ஸ்பிரிட் பட்டுச் சில்லென்றிருந்தது.

“அக்கா, நீங்களாவது அவருகிட்ட சொல்லுங்க. இன்னிக்கு ஏறி ஓட்ட வேணாம், எறக்கத்துல உருட்டிக்கிட்டுப் போகச் சொல்லுங்க. வீட்டுல போயி ரிம்ம சோப்புத் தண்ணியில கழுவிட்டு அப்புறம் ஓட்டட்டும். சொல்லிருவீங்கல்ல?”

சொல்கிறேன் என்றேன். சொல்லத்தான் போனேன். ஸாகி சேர் சைக்கிளின் கைப்பிடியில் ஒரு கையும் நானாவின் கையில் மறு கையுமாகப் படத்துக்கு நின்றார். படம் எடுத்ததும் கூட்டம் சூழ்ந்துகொண்டது. நானா என்னை ஒரு பார்வை பார்த்தார். எங்கள் கடைச் சாமானில் பழுது இருக்கிறது, ஏறாதீர்கள் என்று முதல் வாடிக்கையாளரிடம் அத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டு நின்றேன். யோசித்து முடிப்பதற்குள் அவர் ஏறிப் போய்விட்டார். போகும்போது மணியை இரண்டு முறை அடித்தார்.

சர்மிளா தேநீர்த் தட்டோடு வந்தாள்.

“சொல்லிட்டீங்களாக்கா?”

“ஓ, சொல்லிட்டேன்” என்றேன்.

இந்த ஒரு சொல்லை நான் ஏன் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. நானாவுக்குப் பயந்து சும்மா இருந்தேன் என்பது சரி. அவளிடம் எதற்குப் பயந்தேன்? சொல்லவில்லை என்று உண்மையைச் சொல்லியிருந்தால் அவள் தட்டைப் போட்டுவிட்டு வீதியில் ஓடியிருப்பாள். புதுப் புடவையோடு ஓடியிருப்பாள். அதற்கு அப்போதும் நேரம் இருந்தது.

ஸாகி சேர் ராஜவெல பக்கத்து இறக்கத்தில், மதகுச் சுவரில் போய் மோதினார். வலது மணிக்கட்டு முறிந்தது, தோள் எலும்பு உடைந்தது. பிரேக்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தபடியே போய் விழுந்தார் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். செய்தி வந்தபோது சர்மிளா இருபத்தாறாவது சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தாள். எழுந்து என் பக்கம் வந்து, உருட்டிக்கொண்டு போகச் சொன்னீர்கள்தானே என்று கேட்டாள். சொன்னேன், அவர் கேட்கவில்லை போலிருக்கிறது என்றேன். இரண்டாவது பொய் முதலாவதைவிடச் சுலபமாக வந்தது.

பன்னிரண்டாம் நாள் ஸாகி சேர் கடைக்கு வந்தார். கை கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. மருமகன் சிவப்புச் சைக்கிளை உள்ளே தூக்கிவைத்துவிட்டு வெளியே போய் நின்றார். குண்டசாலையில் ஒரு திருத்துகிறவரிடம் காட்டியிருக்கிறார்கள், ரிம்மில் எண்ணெய்ப் பசை இருப்பதை அவர் விரலால் தொட்டே சொல்லிவிட்டாராம். நானா கதிரை போட்டார். ஆஸ்பத்திரிச் செலவு முழுக்கத் தன்னுடையது என்றார். ஸாகி சேர் உட்காரவில்லை.

“எனக்குக் காசு வேணாம் ஹாஜியார். ரிம்முல எண்ணெ பூசின ஆள் இந்தக் கடைல வேல செய்யக் கூடாது. அவ்வளவுதான் நான் கேக்கிற.”

கடைக்குள் நானா, நான், சர்மிளா, மூன்று பேர்தான் நின்றோம். யாரும் தனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லையே, சொல்லியிருந்தால் உருட்டிக்கொண்டு போயிருப்பேனே என்று அவர் ஆற்றாமையோடு சொன்னார். அப்போது சர்மிளா மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். அதுவரை அவள் என்னை நம்பிக்கொண்டிருந்தாள் என்பது அந்தப் பார்வையில்தான் எனக்கு முழுதாகத் தெரிந்தது.

நானா தொண்டையைச் செருமினார். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள் சேர், நல்ல வேலைக்காரிதான், திறப்பு விழா அவசரத்தில் துணி மாறிவிட்டது போலிருக்கிறது என்றார். அவள் பெயரைச் சொல்லவில்லை. அவள் நின்ற பக்கம் கையைக்கூட நீட்டவில்லை. வேலைக்காரி என்று சொன்னால் எங்கள் கடையில் அது ஒருத்திதானே.

“நான் பூசலைங்க சேர்” என்றாள் சர்மிளா. “பூசினதத்தான் நான் கழுவிக்கிட்டு இருந்தேன். யாருன்னு நான் சொல்லமாட்டேன். அவங்களே சொல்லட்டும்.”

சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். வீதியில் ஒரு பஸ் வந்து நின்று, ஆளை இறக்கி, ஏற்றிக்கொண்டு போனது. அவ்வளவு நேரம் கொடுத்தாள். நான் நப்லாவை நினைத்தேன். மாடி அறையை நினைத்தேன். மாப்பிள்ளை வீட்டார் அடுத்த வாரம் வருவதாக இருந்ததை நினைத்தேன். முன்னால் சொல்லிவைத்த சாக்கு இதற்குத்தான். நல்ல சாக்குத்தான், ஆனால் என் நாக்கைக் கட்டியது அது மட்டுமில்லை. சொன்னால் நான் போக வேண்டும், சொல்லாவிட்டால் அவள் போவாள். நான் அவளை அனுப்பினேன்.

மூன்று பேரில் ஒருத்தி நானில்லை என்கிறாள், மிச்சம் இரண்டு பேர். கணித ஆசிரியருக்கு இது பெரிய கணக்கில்லை. ஆனாலும் ஸாகி சேர் நானாவின் முகத்தைப் பார்த்தார், கடை வேலையாகத் திகனைக்கு வந்த நாள்களிலெல்லாம் நானாவும் அவரும் ஒரே பள்ளிவாசலில் ஒரே வரிசையில் தொழுதவர்கள், பிறகு தலையை ஆட்டினார். நம்புவதற்கு வசதியானதை அவரும் நம்பிக்கொண்டார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

சர்மிளா கையைக் கழுவினாள். எப்போதும் கழுவுவதுபோல் முதலில் மண்ணெண்ணெய், பிறகு சோப்பு, நகக் கண்ணுக்குப் பல் தூரிகை. பையை எடுத்துக்கொண்டாள். சுவரில் இருந்த தன் பெயரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அன்று பின்னேரமே நானா அதைக் கழற்றினார், பிசின் வராமல் சுண்ணாம்பும் சேர்ந்து உரிந்தது. அடுத்த வாரம் அந்தப் பிரிவை என்னிடம் கொடுத்தார். இத்தனை நாள் பக்கத்தில் இருந்து பார்த்தவள்தானே, தெரியாதா என்றார். தெரிந்திருந்தது. நப்லாவின் நிக்காஹ்வும் பேசி முடிந்தது, அல்ஹம்துலில்லாஹ்.

ஊர் சின்னது. அதைவிடச் சின்னது சைக்கிள் தொழில். அவள் கம்பளையில் ஒரு கடையிலும் கண்டியில் ஒரு கடையிலும் வேலை கேட்டுப் போயிருக்கிறாள். பிரேக்கில் எண்ணெய் பூசி வாத்தியாரை விழுத்திய பொம்பளைதானே நீ என்று கேட்டு அனுப்பியிருக்கிறார்கள். திகனையில் முன்பணம் கொடுத்த அறையையும் விட்டுவிட்டாள். இதெல்லாம் கடைக்கு வருகிறவர்கள் எனக்குச் சுவாரசியமாகச் சொன்னவை. சொல்லிவிட்டு, நல்ல காலம், நீங்கள் இருக்கிறீர்கள் என்று என்னை மெச்சிவிட்டு எண்ணெய் வாங்கிக்கொண்டு போனார்கள்.

மூன்று மாதம் பொறுத்து ஒரு வியாழக்கிழமை, உடம்பு சரியில்லை என்று நானாவிடம் சொல்லிவிட்டுப் புசல்லாவைக்குப் பஸ் ஏறினேன். நுவரெலியா பஸ்கள் சாப்பாட்டுக்கு நிறுத்துகிற ஒரு கடையின் பின்பக்கத்தில் அவளைக் கண்டுபிடித்தேன். எச்சில் தட்டு கழுவிக்கொண்டிருந்தாள். தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஆள் உயரத்துக்குத் தட்டுகள். என்னைக் கண்டு எழுந்திருக்கவில்லை, முகத்தைத் திருப்பவுமில்லை. வாங்கக்கா என்றாள், நப்லாவின் கல்யாணத்தை விசாரித்தாள். அந்த மரியாதை என்னை அடிப்பதைவிட மோசமாக இருந்தது.

நான் வழியெல்லாம் கோர்த்து வைத்திருந்ததை அவிழ்த்தேன். நான்தான் பூசினேன், நான்தான் அவரிடம் சொல்லவில்லை, உங்களிடம் சொன்னதும் பொய், அன்று வாயைத் திறக்காமல் நின்றதும் நான்தான் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அழுதேன். சமையல்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். சர்மிளா ஒரு தட்டை எடுத்து, தேய்த்து, கழுவி, வடியவைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். நான் சொல்லி முடிக்கும்வரை அவள் கை நிற்கவில்லை.

“இத எதுக்குக்கா என்கிட்ட சொல்றீங்க?” என்றாள். “எனக்குத்தான் தெரியுமே. பூசின ஆளக் கேட்ட சேரு திகனையிலதானே இருக்காரு.”

அடுத்த பஸ் வந்து நின்றது. தட்டுகள் வந்து விழுந்தன. நான் வெளியே வந்தேன்.

ஸாகி சேரின் வீடு எங்கள் கடையிலிருந்து ஏழு நிமிட நடை. வலது கை இன்னும் தோளுக்கு மேல் எழும்புவதில்லையாம், கரும்பலகையில் இடது கையால் எழுதிப் பழகுகிறாராம். புசல்லாவைக்குப் போய்வந்து ஐந்து மாதமாகிறது. இவ்வளவையும் ஒன்றுவிடாமல் உங்களிடம் சொல்லிவிட்டேன். அந்த வீட்டுக்கு இன்னும் போகவில்லை.